‘பெர்மிஷன் தேவையில்லை தம்பி’: லண்டன் லாஃப்ட்டுகளும் நாம் கேட்காத இன்னொரு கேள்வியும்

இந்தக் கோடையில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளுக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். இல்ஃபோர்டில் இருப்பவர்களுக்கு இது புதுக் காட்சி அல்ல. ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், நியூ மால்டன் என்று நம் ஆட்கள் அதிகம் இருக்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும், வீட்டின் பின்பக்க ஓட்டுக் கூரையைப் பிரித்துப் பெட்டி மாதிரி ஓர் அறையைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஊரில் லாஃப்ட் என்றால் பித்தளை அண்டாவையும் பழைய ஃபேனையும் போட்டு வைக்கும் பரண். இங்கே அது ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் முக்கோண இடம். அதை ஆள் படுக்கும் அறையாக மாற்றுவதுதான் லாஃப்ட் கன்வெர்ஷன்.

நானும் அந்த வரிசையில் நிற்கிறேன். எங்களுடையது 1900களில் கட்டிய வரிசை வீடு. பேப்பரில் மூன்று பெட்ரூம். மூன்றாவதில் ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. இரண்டு பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, வருடத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து விசிட் விசாவில் வந்து தங்கும் அம்மா. இடம் போதவில்லை.

முதலில் நான் போய்க் கேட்டது நாலு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையிடம். “தம்பி, உதுக்குப் பெர்மிஷன் ஒண்டும் தேவையில்லை. நாங்கள் 2011இல கட்டினனாங்கள். கவுன்சில்காரன் எட்டியும் பாக்கேல்லை” என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அதே அண்ணை இந்த வருடம் வீட்டை விற்கப் போனார். வாங்குபவரின் சொலிசிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “லாஃப்ட்டுக்கான கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் எங்கே?” இல்லை. அதோடு எஸ்டேட் ஏஜென்ட்டின் விளம்பரத்தில் ‘நான்கு பெட்ரூம்’ என்பது ‘மூன்று பெட்ரூம், ஒரு லாஃப்ட் ரூம்’ என்று மாறியது. அந்த ஒரு சொல் மாற்றத்தில் விலை 35,000 பவுண்ட் இறங்கியது. பதினான்கு வருடமாக அவர் மகள் படுத்துத் தூங்கிய அறை, காகிதத்தில் இன்னும் பரண்தான்.

அண்ணை சொன்னது பொய்யா? பொய் இல்லை, பாதி உண்மை. நம் சமூகத்தில் இந்தப் பாதி உண்மைதான் வாய்வழியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஏன் எல்லோரும் மேலே போகிறார்கள்?

பிரிட்டிஷ் அரசு இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 லட்சம் புதிய வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. லண்டனுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 88,000. அந்த வீடுகள் எப்போது வரும், வந்தாலும் நம் சம்பளத்துக்கு எட்டுமா என்பது தனி விவாதம். குடும்பம் வளர்ந்துவிட்ட ஒருவருக்கு இன்றைக்குத் தேவை ஒரு அறை. அந்த ஒரு அறைக்காக வீடு மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

6 லட்சம் பவுண்டுக்குப் பெரிய வீடு ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல் 1,25,000க்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லை; அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், அதாவது 2,500; மீதி 3,50,000க்கு 5 சதவீதம், அதாவது 17,500. மொத்தம் 20,000 பவுண்ட். இதனால் ஒரு செங்கல்கூட கூடவில்லை. இதற்கு மேல் ஏஜென்ட் கமிஷன், சொலிசிட்டர், லாரி, பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம். அந்தப் பணத்தை இருக்கிற வீட்டின் தலையிலேயே போடலாமே என்று தோன்றுவது இயல்பு.

அங்கேயும் வரி காத்திருக்கிறது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வாட் பூஜ்யம். இருக்கிற வீட்டில் அறை கட்டினால் பொதுவாக 20 சதவீதம். எனக்கு வந்த மூன்று கொட்டேஷன்களும் 65,000க்கும் 90,000க்கும் இடையில். மூன்றிலும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் ‘பிளஸ் வாட்’. 70,000 பவுண்ட் வேலைக்கு 14,000 வரி. வீட்டுப் பற்றாக்குறை என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டே, இருக்கிற கூரைக்குக் கீழே இடம் உண்டாக்குபவனிடம் முழு வரி வாங்குவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில்தான் ‘கேஷ் கொடுத்தா வாட் வேண்டாம் அண்ணா’ என்று ஒருவர் வருவார். ஒரு சின்னக் கணக்கு: ஆண்டு வரவு 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் தந்தால் அது வேறு. மற்றபடி 70,000க்கு லாஃப்ட் கட்டுபவர் வருடத்துக்கு இரண்டு கட்டினாலே எல்லையைத் தாண்டிவிடுவார். ஆக, அவர் மிச்சப்படுத்தித் தருவது வரியை மட்டும் அல்ல, ரசீதையும்தான். நாளைக்குக் கூரை ஒழுகினால் எதைக் காட்டி யாரிடம் கேட்பீர்கள்?

இரண்டு கேள்வி, இரண்டு சட்டம்

‘பெர்மிஷன்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இங்கே இரண்டு தனித்தனி விஷயம்.

முதலாவது, பிளானிங் பெர்மிஷன். வீடு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது, தெருவையும் அக்கம்பக்கத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் அதன் கவலை. இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்ற சலுகை உண்டு. வரிசை வீடு என்றால் 40 கன மீட்டர் வரை, தனி வீடு அல்லது செமி என்றால் 50 கன மீட்டர் வரை கூரையைப் பெரிதாக்க விண்ணப்பம் வேண்டாம். நிபந்தனைகள் உண்டு: தெருவைப் பார்த்த முன்கூரையின் சரிவைத் தாண்டி நீட்டக்கூடாது, இருக்கும் கூரையின் உச்சியைவிட உயரக்கூடாது, பின்பக்க டார்மர் கூரை விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும், பால்கனி கூடாது, பக்கவாட்டு ஜன்னல் மங்கல் கண்ணாடியாக இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய பகுதிகளில் இந்தச் சலுகை கிடையாது. ஃபிளாட்டுக்கும் கிடையாது.

40 கன மீட்டர் என்றால் எவ்வளவு? சாய்ந்த கூரைமேல் வரும் டார்மரின் பக்கத்தோற்றம் முக்கோணம். 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், 2.4 மீட்டர் உயரம் என்றால் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்: 24 கன மீட்டர். தாராளமாக உள்ளே வரும். ஆனால் பின்னால் நீண்டிருக்கும் சமையலறைப் பகுதியின் மேலேயும் எல் வடிவத்தில் கட்டினால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். உங்களுக்கு முன்னால் இருந்த ஓனர் கூரையில் ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் இதே 40க்குள்தான்.

அண்ணை சொன்ன ‘தேவையில்லை’ இதோடு முடிந்தது. இரண்டாவது கேள்வி அவர் காதிலேயே விழவில்லை: பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டட விதிகள். அங்கே படுப்பவர் பிழைப்பாரா என்பதுதான் அதன் கவலை. தளம் எடையைத் தாங்குமா, தீ பிடித்தால் இறங்கி ஓட முடியுமா, குளிரும் வெப்பமும் எப்படி என்று அது பார்க்கும். இதில் விதிவிலக்கு இல்லை. பிளானிங் தேவையில்லாத லாஃப்ட்டுக்கும் இது கட்டாயம். வேலையின் கட்டங்களில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, கடைசியில் தருவதுதான் அந்த கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்.

சமீப வருடங்களில் சட்டமும் மாறியிருக்கிறது. அனுமதியில்லாமல் கட்டியதை நாலு வருடம் ஓட்டிவிட்டால் தப்பித்தோம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடிந்த வேலைகளுக்கு அது பத்து வருடம். கட்டட விதியை மீறிய வேலையை இடிக்கவோ மாற்றவோ சொல்லி நோட்டீஸ் அனுப்பக் கவுன்சிலுக்கு முன்பு 12 மாதம்தான் இருந்தது. 2023 அக்டோபர் முதல் அதுவும் பத்து வருடம். ‘எங்க காலத்துல ஒண்ணும் ஆகலையே’ என்பவர்களின் அனுபவம் உண்மைதான். அந்தக் காலம்தான் இப்போது இல்லை.

படியிலிருந்து தொடங்குங்கள்

லாஃப்ட் என்றதும் நாம் முதலில் பேசுவது எத்தனை அறை, ஷவர் வருமா, ஜன்னல் எத்தனை. நம்ம ஐடி மொழியில் சொன்னால் இது கோடு எழுதி முடித்த பிறகு ரிக்வயர்மென்ட் கேட்பது மாதிரி. முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: உயரம், படி, புகை.

உயரத்தை நீங்களே அளக்கலாம். சீலிங் மரச்சட்டத்தின் மேலிருந்து கூரை உச்சியின் அடிப்பாகம் வரை குறைந்தது 2.2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. புதுத் தளமும் இன்சுலேஷனும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1960களுக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் இருக்கும். அவைதான் கூரையைத் தாங்குகின்றன. இன்ஜினியர் கணக்குப் போட்டு வேறு தாங்கல் வைக்காமல் அதில் ஒன்றைக்கூட அறுக்கக் கூடாது. பழைய வரிசை வீடுகளிலும் இப்போதுள்ள சீலிங் சட்டம் சீலிங்கைத் தாங்கத்தான் போட்டது. கட்டில், பீரோ, ஆட்கள் என்று ஏற்ற அது போதாது. இரண்டு பக்கச் சுவர்களில் இரும்பு பீம் பதித்து, அதன்மேல் புதுத் தளம் போட வேண்டும். அண்ணை வீட்டில் சர்வேயர் ஓரிடத்தில் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். புதுத் தளம் என்று காசு வாங்கியவர், பழைய சட்டத்தின்மேல் சிப்போர்டு அடித்துக் கார்ப்பெட் விரித்திருந்தார். பீம் ஒன்றும் இல்லை.

அடுத்தது படி. இழுத்து மடிக்கும் ஏணி பெட்ரூமுக்கு ஆகாது. நிரந்தரமான படி வேண்டும். சரிவு 42 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. தலைக்கு மேல் 2 மீட்டர் இடம் வேண்டும். லாஃப்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு: படியின் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 மீட்டர். இருக்கிற படிக்கு நேர் மேலேயே புதுப் படி வந்தால் கீழே இடம் வீணாகாது. இல்லாவிட்டால் அந்தச் சின்ன பெட்ரூமில் பாதியைப் படி விழுங்கிவிடும். ஓர் அறை கட்டி ஓர் அறையை இழந்தவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு மாடி வீட்டில் தீ பிடித்தால் முதல் மாடி ஜன்னல் வழியாக இறங்கலாம், குதிக்கலாம். மூன்றாவது தளத்திலிருந்து முடியாது. தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் தளம் வந்துவிட்டால், ஜன்னலைத் தப்பும் வழியாகச் சட்டம் ஏற்பதில்லை. மேலே இருப்பவருக்கு ஒரே வழி படிதான். அதனால் மேலறையிலிருந்து வாசல் கதவு வரை அந்தப் படியைச் சுற்றிலும் 30 நிமிடம் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். படிப்பக்கம் திறக்கும் அறைகளுக்குத் தீத்தடுப்புக் கதவுகள் வேண்டும். எல்லாத் தளத்திலும் மின் இணைப்புள்ள, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் புகை அலாரம் வேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது. பிறந்தநாளுக்கும் பூஜைக்கும் ஐம்பது பேர் உட்கார வேண்டும் என்று ஹாலுக்கும் நடைக்கும் நடுவில் இருந்த சுவரை எப்போதோ எடுத்திருப்போம். சமையலறையையும் திறந்துவிட்டிருப்போம். இப்போது படி நேராக ஹாலுக்குள் இறங்குகிறது. அடுப்பில் எண்ணெய் பற்றினால் புகை முதலில் ஏறும் வழியும், மேலே தூங்குபவர் இறங்க வேண்டிய வழியும் ஒன்றே. லாஃப்ட் கட்டுவதென்றால் அந்தச் சுவரை மறுபடி எழுப்ப வேண்டும், அல்லது தண்ணீர்த் தெளிப்பான் போன்ற மாற்று ஏற்பாட்டை வரைபடத்திலேயே காட்டி இன்ஸ்பெக்டரின் ஒப்புதல் வாங்க வேண்டும். ‘ஹால் சின்னதாயிடுமே’ என்று என் மனைவியே சொன்னாள். ஆமாம், சின்னதாகும்.

மேலே யார் படுக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி டிசைன் முடிந்துவிடும். முழங்கால் வலியோடு வரும் அம்மாவை இரண்டு மாடி ஏற்ற முடியாது; அவருக்கு முதல் மாடி அறை, நாங்கள் இருவரும் மேலே. ஷவரை இப்போதைய பாத்ரூமுக்கு நேர் மேலே வைத்தால் கழிவுக் குழாய்க்கு அலைய வேண்டாம். 2022 ஜூலையில் இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும். ஓட்டுக்கு நேர் கீழே படுப்பவருக்கு அது அடுப்பு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று எதிரெதிர் ஜன்னல் வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதும், தெற்குப் பார்த்த கூரை ஜன்னலுக்கு வெளிப்பக்க மறைப்புப் போடுவதும் வரைபடக் கட்டத்தில் சின்னச் செலவு. பிறகு ஏசிக்குப் பெரிய செலவு.

எல்லோரும் சொந்தக் குடும்பத்துக்காக மட்டும் கட்டவில்லை என்பதும் நமக்குத் தெரியும். மாஸ்டர்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும் லாஃப்ட்டை வாடகைக்கு விடுகிறோம். தப்பில்லை. தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரி இல்லை என்று அரசே ஊக்குவிக்கிறது. ஓனர் குடும்பத்தோடு இரண்டு பேர் வரை தங்கினால் அது எச்எம்ஓ ஆகாது. மூன்றாவது ஆள் வந்தால் கணக்கு மாறும். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரே சமையலறையைப் பகிர்ந்தால் இங்கிலாந்து முழுக்க உரிமம் கட்டாயம்.

ஆனால் நான் கேட்பது உரிமம் பற்றி மட்டும் அல்ல. நான் இங்கே வந்த முதல் வருடம் அப்படி ஒரு லாஃப்ட்டில்தான் இருந்தேன். படி என்ற பெயரில் செங்குத்தான ஒரு மர ஏணி. கூரையில் ஒரு சின்னக் கண்ணாடி. புகை அலாரத்தில் பேட்டரி இல்லை. சமைக்கும்போது கத்துகிறது என்று எடுத்துவிட்டார்களாம். ஓனர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். கீழே தீ பிடித்தால் இந்தப் பையன் எப்படி இறங்குவான் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. சொல்லப்போனால் நானும் யோசித்ததில்லை. வாடகை குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

வேலையை இந்த வரிசையில் செய்தால் பெரும்பாலான சிக்கல் வராது. முதலில் ஆர்க்கிடெக்ட் அல்லது டிசைனர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பில்டர் அதற்கு அப்புறம். பிளானிங் தேவையில்லை என்றாலும் கவுன்சிலிடம் ‘லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்’ வாங்குங்கள். கட்டணம் சாதாரண விண்ணப்பத்தில் பாதி, விற்கும்போது அதுதான் சாட்சி. கட்டட விதிகளுக்கு, வேலை தொடங்கும் முன்பே முழு வரைபடத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பொதுச்சுவரில் பீம் பதிப்பதற்கு 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். அதனால் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு நாள் போய் டீ குடித்துப் பேசிவிடுங்கள். மார்ட்கேஜ் வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் சொல்லுங்கள். பில்டர் மாமன் மச்சானாகவே இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தவணை, கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கைக்கு வந்த பிறகு.

ஏற்கெனவே சர்டிஃபிகேட் இல்லாமல் கட்டியவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். 1985 நவம்பருக்குப் பிறகு நடந்த வேலைக்குக் கவுன்சிலிடம் ‘ரெகுலரைசேஷன்’ கேட்க வழி இருக்கிறது. சில இடத்தில் பிரித்துக் காட்டச் சொல்வார்கள், திருத்தச் சொல்வார்கள். விற்கும் நேரத்தில் சிலர் இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்து முடித்துக்கொள்கிறார்கள். அது வாங்குபவரின் பணத்துக்குப் பாதுகாப்பு. மேலே தூங்குபவருக்கு அது ஒன்றும் செய்யாது. விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், கதவையும் அலாரத்தையும் சரிசெய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த வாரக் கடைசியிலேயே தொடங்கலாம்.

அரசிடம் கேட்கவும் ஒன்று உண்டு: வாட்டைக் குறையுங்கள். ஒழுங்காகக் கட்டுபவனுக்கு 20 சதவீதம் கூடுதல், ரசீதில்லாமல் கட்டுபவனுக்கு அது மிச்சம் என்றால், எந்தப் பக்கம் கூட்டம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் சங்கங்களிடமும் ஒன்று: பொங்கல் விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மண்டபம் பிடிக்கிறோம். ஒரு சனிக்கிழமை மாலை, தமிழ்ப் பள்ளி முடிந்ததும், ஒரு பில்டிங் இன்ஸ்பெக்டரையும் ஒரு தீயணைப்பு அதிகாரியையும் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

அண்ணை இப்போது ரெகுலரைசேஷனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். சீலிங்கைப் பிரித்திருக்கிறார்கள், பீம் வரப் போகிறது, ஹாலில் சுவர் எழும்பப் போகிறது. போன வாரம் தெருவில் பார்த்தபோது கேட்டேன், “எப்படிப் போகுது அண்ணை?” சிரித்தார். “தம்பி, நான் சொன்னதைக் கேட்டு நீர் கட்டத் தொடங்கேல்லைத்தானே?”

இல்லை அண்ணை. வரைபடத்தில் இன்னும் படியைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறோம்.